லில்லிப்பாண்டில் பியானோ விரலெண்கள்

பியானோ விரலெண்கள் என்பன ஒரு சுரத்தை எந்த விரலால் இசைக்க வேண்டும் என்பதைக் காட்டுவதற்காக இசைத்தாளில் சுரங்களுக்கு அருகே அச்சிடப்படும் 1 முதல் 5 வரையான சிறிய எண்கள் ஆகும். லில்லிப்பாண்ட் என்பது எளிய உரைக்கோப்பிலிருந்து இசைத்தாளை உருவாக்கும் கட்டற்ற மென்பொருள் ஆகும். இம்மென்பொருளில் சுரத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு சிறுகோட்டையும் எண்ணையும் தட்டச்சு செய்வதன் மூலம் விரலெண் சேர்க்கப்படுகின்றது.

விரலெண்கள் இசையமைப்பாளரே எழுதியவையாகவும் இருக்கலாம். பிற்காலப் பதிப்பாசிரியரோ பியானோ ஆசிரியரோ சேர்த்த பரிந்துரைகளாகவும் இருக்கலாம். அச்சுத்தாளில் இவ்விரு வகைகளும் பெரும்பாலும் ஒரே தோற்றத்தில் கலந்துவிடுகின்றன. உரைக்கோப்பில் இவற்றை வேறுபடுத்தி வைக்கவும், வேண்டியபோது காட்டவும், வேண்டாதபோது மறைக்கவும் இயலும். இதுவே உரைவழி இசைக்குறியீட்டில் விரலெண்களைக் கையாள்வதன் முதன்மையான பயன் எனலாம்.

விரலெண்களின் பொருள்

தற்போது பரவலாக வழங்கும் முறையில் பெருவிரல் 1, சுட்டுவிரல் 2, நடுவிரல் 3, மோதிரவிரல் 4, சுண்டுவிரல் 5 என எண்ணப்படுகின்றன. இரு கைகளுக்கும் எண்கள் ஒன்றே. ஆயினும் கைகள் ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பம் போன்றவை என்பதால், ஏறுவரிசையில் வலக்கைக்கும் இடக்கைக்கும் எண்கள் வேறு வேறு ஒழுங்கில் அமைகின்றன.

ஒரு ஸ்தாயியைத் தொடக்கச் சுரத்திலிருந்து மேல் சுரம் வரை இசைக்க எட்டுக் கட்டைகளை அழுத்த வேண்டும். கையில் ஐந்து விரல்களே உள்ளன. எனவே இடையில் கை நகர வேண்டியுள்ளது. சி மேஜர் சுரவரிசையை வலக்கையால் ஏறுமுகமாக இசைக்கும்போது 1-2-3-1-2-3-4-5 என்னும் வரிசை பின்பற்றப்படுகின்றது. மூன்றாம் சுரத்துக்குப் பின் பெருவிரல் நடுவிரலின் அடியில் நுழைந்து நான்காம் சுரத்தைத் தொடுகின்றது. எஃப் மேஜர் சுரவரிசையில் நான்காம் சுரம் பி ஃபிளாட் என்னும் கருங்கட்டை ஆகும். குட்டையான பெருவிரலைக் கருங்கட்டையில் வைப்பது கையை முன்னோக்கித் தள்ளிவிடும் என்பதால், அங்கு நான்காம் விரல் வரை சென்ற பின்னரே பெருவிரல் அடுத்த வெண்கட்டையில் வைக்கப்படுகின்றது. எனவே அதன் வரிசை 1-2-3-4-1-2-3-4 என அமைகின்றது.

இவ்வாறு ஓர் எண் அதற்குரிய சுரத்தை மட்டுமன்றி, அடுத்துக் கை செல்ல வேண்டிய இடத்தையும் குறிக்கின்றது. தொடக்க மாணவர் ஒருவர் தவறான விரலில் பழகிவிட்டால், வேகம் கூடும்போது கை தடைப்படும். பழகிய அசைவை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். இதனாலேயே கற்பித்தல் நூல்களில் விரலெண்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன.

வரலாறு

விசைப்பலகை இசைக்கருவிகளில் விரல் பயன்பாடு காலந்தோறும் மாறிவந்துள்ளது. யோகான் செபாஸ்தியன் பாக் தன் மூத்த மகன் வில்லெம் ஃபிரீடெமானுக்காக 1720 ஆம் ஆண்டில் தொடங்கிய பயிற்சிக் குறிப்பேட்டில் அப்ளிகாத்தியோ என்னும் சிறு பாடம் உள்ளது. அதில் விரலெண்கள் தரப்பட்டுள்ளன. வலக்கையின் ஏறுவரிசை 3-4-3-4 என நடுவிரலும் மோதிரவிரலும் மாறிமாறி வருமாறு அமைந்துள்ளது. பெருவிரலை அடியில் நுழைக்கும் இன்றைய முறைக்கு முற்பட்ட பழக்கம் இதுவாகும்.

பிரான்சில் ஃபிரான்சுவா கூப்பெரின் 1716 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஹார்ப்சிகார்டு கற்பித்தல் நூலில், ஒரு கட்டையை அழுத்தியபடியே விரலை மாற்றிக்கொள்ளும் முறை விளக்கப்பட்டது. பாக்கின் மற்றொரு மகனான கார்ல் பிலிப் இமானுவேல் பாக், 1753 ஆம் ஆண்டில் பெர்லினில் வெளியிட்ட நூலில் பெருவிரலுக்கு முதன்மையான இடத்தை அளித்தார்.

ஷோப்பான் 1833 ஆம் ஆண்டில் வெளியிட்ட பத்தாம் படைப்பெண் கொண்ட பயிற்சி இசைகளுள் இரண்டாவது, விரலெண்கள் இசையின் உட்பொருளாகவே அமையக்கூடும் என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். அதில் வலக்கையின் 3, 4, 5 ஆகிய விரல்கள் அரைச்சுர வரிசையில் ஓட, எஞ்சிய விரல்கள் சுரக்கூட்டுகளை இசைக்கின்றன. எண்களை நீக்கினால் அப்பயிற்சியின் நோக்கமே மறைந்துவிடும். இதற்கு நேர்மாறாக, தெபுசி 1915 ஆம் ஆண்டில் எழுதிய 12 பயிற்சி இசைகளில் வேண்டுமென்றே விரலெண்களைத் தவிர்த்தார். ஒவ்வொருவரின் கையும் வேறுபடுவதால் இசைப்பவரே தமக்குரிய விரல்களைத் தேட வேண்டும் என்பது அவர் முன்னுரையில் தந்த விளக்கம் ஆகும்.

பிரித்தானியாவில் வெளிவந்த பழைய பதிப்புகள் பலவற்றில் வேறொரு முறை கையாளப்பட்டது. அதில் பெருவிரல் கூட்டல் குறியால் குறிக்கப்பட்டது. சுட்டுவிரல் முதல் சுண்டுவிரல் வரை 1 முதல் 4 வரையான எண்கள் தரப்பட்டன. இம்முறை ஆங்கில விரலெண்முறை எனவும், 1 முதல் 5 வரை எண்ணும் முறை ஐரோப்பியக் கண்ட முறை எனவும் அழைக்கப்பட்டன.

லில்லிப்பாண்ட்

லில்லிப்பாண்டின் உருவாக்கத்தை 1996 ஆம் ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நீன்ஹைஸ், யான் நியூவென்ஹைசன் ஆகியோர் தொடங்கினர். இது குனு திட்டத்தின் ஒரு பகுதி ஆகும். குனு பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வழங்கப்படுகின்றது. இதன் நிரல் பெரும்பாலும் சி++, ஸ்கீம் ஆகிய மொழிகளில் எழுதப்பட்டது. கையால் செதுக்கி அச்சிட்ட பழைய இசைத்தாள்களின் அழகையும் தெளிவையும் கணினி அச்சில் கொண்டுவருவது இதன் நோக்கம் ஆகும்.

சுட்டியால் சுரங்களை எடுத்து வைக்கும் மென்பொருள்களைப் போலன்றி, இதில் பயனர் இசையை எழுத்துகளாகத் தட்டச்சு செய்கின்றார். மென்பொருள் அக்கோப்பைப் படித்து, இடைவெளிகளையும் வளைவுகளையும் தானே கணித்து, பிடிஎஃப் கோப்பாக இசைத்தாளைத் தருகின்றது. ஃபிரெஸ்கோபால்டி போன்ற தொகுப்பிகளில் உரையையும் இசைத்தாளையும் அருகருகே காணலாம். இசைத்தாளில் ஒரு சுரத்தைச் சொடுக்கினால், உரையில் அதற்குரிய இடம் காட்டப்படும். நூற்றுக்கணக்கான விரலெண்கள் கொண்ட கோப்பைத் திருத்துவோருக்கு இவ்வசதி மிகவும் உதவும்.

அடிப்படை எழுத்துமுறை

லில்லிப்பாண்டில் சுரங்கள் இலத்தீன் சிற்றெழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. இக்கட்டுரையில் அவை சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி எனத் தமிழில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. கட்டளைச் சொற்களும் அவ்வாறே. கோப்பில் எழுதும்போது இவை அனைத்தும் இலத்தீன் எழுத்துகளிலேயே இருத்தல் வேண்டும்.

சுரத்தின் பெயரை அடுத்து ஸ்தாயிக் குறியும், அதன் பின் கால அளவும், அதன் பின் விரலெண்ணும் வருகின்றன. விரலெண்ணுக்கு முன் ஒரு சிறுகோடு இடப்பட வேண்டும். சார்பு ஸ்தாயி முறையில் எழுதப்பட்ட சி மேஜர் சுரவரிசை பின்வருமாறு அமையும்.

வலக்கை: சி4-1 டி-2 ஈ-3 எஃப்-1 ஜி-2 ஏ-3 பி-4 சி-5

இடக்கை: சி4-5 டி-4 ஈ-3 எஃப்-2 ஜி-1 ஏ-3 பி-2 சி-1

முதற் சுரத்தில் உள்ள 4 என்பது விரலெண் அன்று. அது கால்சுரம் என்னும் கால அளவைக் குறிக்கின்றது. கால அளவு ஒருமுறை தரப்பட்டால், அடுத்து மாற்றும் வரை அதுவே தொடரும். எனவே பின்வரும் சுரங்களில் சிறுகோடும் விரலெண்ணும் மட்டும் எழுதப்பட்டுள்ளன. சிறுகோட்டுக்கு இடப்புறம் உள்ள எண் காலத்தையும், வலப்புறம் உள்ள எண் விரலையும் குறிக்கும் என நினைவில் கொள்ளலாம்.

விரலெண்ணோடு பிற குறிகளையும் தொடர்ந்து எழுதலாம். எடுத்துக்காட்டாக, ஒரு சுரத்துக்கு விரலெண்ணும், குறுக்கி இசைப்பதைக் காட்டும் புள்ளியும் தேவைப்பட்டால் சி4-1-. என எழுதப்படுகின்றது. புள்ளி சுரத்தலைக்கு அருகிலும் எண் அதற்கு வெளியிலும் வைக்கப்படும்.

சுரக்கூட்டுகளில் விரலெண்கள்

ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களின் தொகுதி சுரக்கூட்டு எனப்படும். லில்லிப்பாண்டில் இது கோண அடைப்புக்குறிகளுக்குள் எழுதப்படுகின்றது. இதற்கு விரலெண்களை இரு வகைகளில் இடலாம்.

முதல் வகையில் ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய எண் அடைப்புக்குள்ளேயே எழுதப்படுகின்றது: <சி-1 ஈ-3 ஜி-5>2. இங்கு எந்த எண் எந்தச் சுரத்துக்கு உரியது என்பது மென்பொருளுக்குத் தெரியும். கால அளவு அடைப்புக்கு வெளியே வர வேண்டும் என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாம் வகையில் எண்கள் அடைப்புக்கு வெளியே எழுதப்படுகின்றன: <சி ஈ ஜி>2-1-3-5. இவ்வாறு எழுதினால் எண்கள் எழுதிய வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். இங்கு எண்கள் சுரக்கூட்டு முழுமைக்கும் பொதுவானவை. தனிச் சுரங்களோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. பின்னர் ஒரு சுரத்தை நீக்கினால் அதற்குரிய எண் தானாக நீங்காது. எனவே தொடர்ந்து திருத்தப்படும் கோப்புகளுக்கு முதல் வகையே ஏற்றது.

எண்ணின் இடம்

தனிச் சுரத்தின் விரலெண் இயல்பாக ஸ்டாஃப் எனப்படும் ஐந்து கோடுகளுக்கு மேலே வைக்கப்படுகின்றது. சிறுகோட்டுக்குப் பதிலாக மேல்நோக்கிய கூர்ங்குறியை இட்டால் எண் மேலேயும், அடிக்கோட்டை இட்டால் கீழேயும் வரும்: சி^1, சி_1. பியானோ இசைத்தாளில் வலக்கை எண்களை மேல் ஸ்டாஃபுக்கு மேலும், இடக்கை எண்களைக் கீழ் ஸ்டாஃபுக்குக் கீழும் இடுவது பெருவழக்கு. இவ்வாறு செய்தால் இரு ஸ்டாஃபுகளுக்கு இடையிலான பகுதி, வலிமை மென்மை காட்டும் குறிகளுக்காக ஒதுக்கப்படும். இடக்கைப் பகுதி முழுவதற்கும் ஒவ்வோர் எண்ணாகத் திசை தருவதற்குப் பதிலாக, ஃபிங்கரிங் என்னும் பொருளின் டைரக்‌ஷன் பண்பை ஓவர்ரைடு கட்டளையால் ஒரே முறை கீழ்நோக்கி மாற்றிவிடலாம்.

சுரக்கூட்டுக்குள் எழுதப்பட்ட எண்களின் இடத்தை ஃபிங்கரிங்ஓரியன்டேஷன்ஸ் என்னும் அமைப்பு முடிவு செய்கின்றது. இதற்கு மேல், கீழ், இடம், வலம் ஆகிய திசைகளில் ஒன்றையோ பலவற்றையோ பட்டியலாகத் தரலாம். இயல்பிருப்பாக மேல், கீழ் ஆகிய இரண்டும் இதில் உள்ளன. அதனால் நான்கு சுரங்கள் கொண்ட கூட்டில் இரண்டு எண்கள் மேலும் இரண்டு எண்கள் கீழும் அச்சிடப்படும். நான்கும் மேலே வர வேண்டுமெனில் மேல் என்பதை மட்டும் தர வேண்டும். இடம் என்பதை மட்டும் தந்தால், ஒவ்வோர் எண்ணும் தன் சுரத்தலையின் இடப்பக்கத்தில் அமரும்.

இவ்வமைப்பு கோண அடைப்புக்குள் உள்ள எண்களுக்கு மட்டுமே பொருந்தும். தனிச் சுரம் ஒன்றின் எண்ணை இடப்பக்கத்தில் வைக்க விரும்பினால், அத்தனிச் சுரத்தையும் கோண அடைப்புக்குள் எழுத வேண்டும்: <சி-1>4. புதிய பயனர்கள் பலர், அமைப்பை மாற்றியும் எண் நகரவில்லை எனக் குழம்புவதற்கு இதுவே காரணம் ஆகும்.

விரல் மாற்றம்

ஒரு கட்டையை விடாமல் அழுத்தியபடியே வேறு விரலுக்கு மாறுவது விரல் மாற்றம் எனப்படும். சுரங்களை இடைவெளியின்றித் தொடர்ந்து ஒலிக்கச் செய்ய இது பயன்படுகின்றது. ஆர்கன் இசையில் இது மிகவும் இன்றியமையாதது. ஏனெனில் ஆர்கனில் விரலை எடுத்தவுடன் ஒலி நின்றுவிடும், பியானோவில் உள்ளதைப் போன்ற ஒலிநீட்டும் மிதிகட்டை அதில் இல்லை.

இதனைக் குறிக்க, சுரத்தின் பின் பின்சாய்கோட்டுடன் தொடங்கும் ஃபிங்கர் கட்டளையையும், மேற்கோள் குறிகளுக்குள் 2-3 போன்ற உரையையும் எழுதலாம். இரு எண்களுக்கும் இடையே சிறு வளைவு வேண்டுமெனில், பாடல் வரிகளில் அசைகளை இணைப்பதற்குரிய டைடு-லிரிக் கட்டளையோடு 4~3 என எழுதப்படுகின்றது.

ஒரு சுரத்தின் பின் -2-3 என இரு எண்களைத் தொடர்ச்சியாக எழுதினால் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடப்படும். இது விரல் மாற்றத்தைக் குறிக்குமா, இரண்டில் ஏதேனும் ஒரு விரலைப் பயன்படுத்தலாம் எனக் குறிக்குமா என்பது படிப்பவருக்கு விளங்காது. எனவே விரல் மாற்றத்தை மேற்கண்டவாறு தெளிவாகக் காட்டுவதே நன்று.

மோதல்களைத் தவிர்த்தல்

விரலெண்கள் நெருக்கமாக உள்ள இசைத்தாளில் எண்கள் பிற குறிகளோடு மோதக்கூடும். தனிச் சுரங்களின் எண்கள், எட்டிலொருபங்குச் சுரங்களை இணைக்கும் பட்டைகளையும் தண்டுகளையும் தாமாகவே தவிர்க்கின்றன. சுரக்கூட்டின் உள்ளே எழுதப்பட்ட எண்களுக்கு இப்பாதுகாப்பு இயல்பிருப்பாக இல்லை. ஃபிங்கரிங் பொருளின் ஆட்-ஸ்டெம்-சப்போர்ட் பண்பை உண்மை என மாற்றினால் அவையும் தண்டுகளிலிருந்து விலகும்.

இயல்பாக எண்கள் ஐந்து கோடுகளுக்கு வெளியிலேயே வைக்கப்படுகின்றன. இடம் குறைவாக உள்ளபோது அவற்றைக் கோடுகளுக்குள் வர விடலாம். இதற்கு ஸ்டாஃப்-பேடிங் என்னும் பண்பை வெற்றுப் பட்டியலாக மாற்ற வேண்டும். ஸ்லர் எனப்படும் இணைப்பு வளைவுக்கு உள்ளேயா வெளியேயா எண் இருக்க வேண்டும் என்பதை அவாய்டு-ஸ்லர் என்னும் பண்பு முடிவு செய்கின்றது. ஃபான்ட்-சைஸ் பண்பால் எண்ணின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் இயலும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாற்றம் தேவையெனில் கட்டளைக்கு முன் ஒன்ஸ் என்னும் சொல்லைச் சேர்க்கலாம். அம்மாற்றம் அந்த ஒரு தருணத்தோடு முடிந்துவிடும். கோப்பு முழுவதும் இவ்வாறான தனி மாற்றங்களை நிரப்புவதைவிட, முதலில் பொது அமைப்பைச் சரிசெய்து, எஞ்சும் சில இடங்களை மட்டும் தனியே திருத்துவது எளிது.

ஒரே மூலம், இரு பதிப்புகள்

மாணவருக்கு விரலெண்கள் நிறைந்த தாள் தேவைப்படுகின்றது. தேர்ந்த இசைஞருக்கோ அவ்வெண்கள் இடையூறாகலாம். தம் கைக்குப் பொருந்தாத எண்கள் சுரத்தைப் படிக்கும்போது கவனத்தைச் சிதறடிக்கும். அச்சிட்ட நூலில் இதற்குத் தீர்வு அடித்தெழுதுவது மட்டுமே. லில்லிப்பாண்டில் ஒரே மூலத்திலிருந்து இரு தாள்களையும் பெறலாம்.

இதற்கு இசை முழுவதும் முதலில் ஒரு மாறியில் எழுதப்படுகின்றது. பின்னர் அம்மாறி இரு பதிப்புப் பகுதிகளில் அழைக்கப்படுகின்றது. முதற் பகுதியில் மாற்றம் ஏதும் இல்லை. இரண்டாம் பகுதியின் லேஅவுட் தொகுதியில், ஃபிங்கரிங் பொருளை விட்டுவிடுமாறு கூறும் ஆமிட் கட்டளை சேர்க்கப்படுகின்றது. இதனால் அப்பகுதியில் விரலெண்கள் அச்சிடப்படுவதில்லை. மூலக்கோப்பிலோ அவை அப்படியே இருக்கின்றன. சுரம் ஒன்றைத் திருத்தினால் இரு தாள்களிலும் அத்திருத்தம் வந்துவிடும்.

ஆமிட் கட்டளை எல்லா விரலெண்களையும் வேறுபாடின்றி மறைத்துவிடும். இசையமைப்பாளரின் எண்களைக் காட்டி, பதிப்பாசிரியரின் எண்களை மட்டும் மறைக்க வேண்டுமெனில் டேக் என்னும் கட்டளை பயன்படும். பதிப்பாசிரியரின் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு இடப்பட்டு, அச்சிடும்போது ரிமூவ்வித்டேக் கட்டளையால் அப்பெயர்ச்சீட்டு உள்ளவை நீக்கப்படுகின்றன. இரண்டையும் ஒரே தாளில் காட்ட விரும்பினால் ட்வீக் கட்டளையால் ஒரு வகை எண்களுக்கு வேறு நிறமோ அளவோ தரலாம். ஷோப்பானின் பயிற்சி இசை போன்ற படைப்புகளில் இவ்வேறுபாடு பெரிதும் தேவையானது. எவை ஷோப்பான் எழுதியவை, எவை பிறர் சேர்த்தவை என அறியாத மாணவர், ஒரு பதிப்பாசிரியரின் வசதிக்கான பரிந்துரையையும் இசையமைப்பாளரின் கட்டளையாகக் கொள்ள நேரும்.

கோப்பு உரையாக இருப்பதால் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்களிலும் இதனை வைக்கலாம். ஒரு விரலெண்ணை 3 இலிருந்து 4 ஆக மாற்றினால், மாறிய வரி எது, எப்போது மாற்றப்பட்டது, யார் மாற்றினார் என்பன பதிவாகும்.

பழைய பதிப்புகளைப் படியெடுத்தல்

காப்புரிமைக் காலம் முடிந்த இசைநூல்களை லில்லிப்பாண்டில் படியெடுத்து இலவசமாக வழங்கும் முயற்சிகள் உள்ளன. மியுட்டோப்பியா திட்டம் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. இத்தகைய பணியில் விரலெண்கள் தொடர்பாக இரு செய்திகளைக் கவனிக்க வேண்டியுள்ளது.

முதலாவது, பதிப்பு எந்த எண்முறையைப் பின்பற்றுகின்றது என்பதாகும். ஆங்கில முறையில் அமைந்த தாளில் 1 என்பது சுட்டுவிரலைக் குறிக்கும். அதனை அப்படியே தட்டச்சு செய்தால், இன்றைய மாணவர் அதனைப் பெருவிரல் எனக் கொள்வார். ஒவ்வொரு விரலும் ஓரிடம் தள்ளிப்போகும். தாளில் எங்கேனும் விரலெண் இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி காணப்பட்டாலோ, பல பக்கங்களில் 5 என்னும் எண்ணே இல்லாவிட்டாலோ, அது ஆங்கில முறையாக இருக்கக்கூடும் என ஐயுறலாம். படியெடுக்கும்போது கூட்டல் குறி 1 ஆகவும், 1 முதல் 4 வரையான எண்கள் முறையே 2 முதல் 5 வரையாகவும் மாற்றப்பட வேண்டும்.

இரண்டாவது, உரிமை பற்றியது. இசையமைப்பாளரின் சுரங்கள் பொதுவுடைமை ஆகிவிட்டாலும், அண்மைக்காலப் பதிப்பாசிரியர் சேர்த்த விரலெண்களுக்குத் தனியே காப்புரிமை கோரப்படலாம். எனவே 18 ஆம் நூற்றாண்டுப் படைப்பு ஒன்றை அண்மைக்காலப் பதிப்பிலிருந்து எண்களோடு படியெடுப்பது பாதுகாப்பானதன்று. காப்புரிமை முடிந்த பழைய பதிப்பைப் பின்பற்றுவதோ, எண்களைத் தாமே புதிதாக இடுவதோ ஏற்ற வழி ஆகும்.

பொதுவான பிழைகள்

சிறுகோட்டுக்குப் பதில் பின்சாய்கோடு: சி\2 என எழுதினால் விரலெண்ணுக்குப் பதிலாக வட்டத்துக்குள் 2 அச்சிடப்படும். இது கிதார், வயலின் போன்ற கருவிகளில் எந்தத் தந்தி என்பதைக் காட்டும் குறி ஆகும்.

சிறுகோட்டை விட்டுவிடுதல்: சி2 என எழுதினால் அது இரண்டாம் விரல் அன்று, அரைச்சுரக் கால அளவு. சுரத்தின் நீளம் மாறுவதால் அதன் பின்வரும் சுரங்கள் அனைத்தும் இடம் மாறிவிடும். ஒவ்வோர் அளவையின் முடிவிலும் செங்குத்துக்கோட்டை இட்டால், மென்பொருள் கால அளவைச் சரிபார்த்து எச்சரிக்கை தரும்.

கால அளவை விரலெண்ணுக்குப் பின் எழுதுதல்: சி-14 என எழுதினால் முதல் விரல், கால்சுரம் எனப் பொருள் கொள்ளப்படாது. சி4-1 என்பதே சரியான வரிசை ஆகும்.

பழைய கோப்புகள்: பண்புகளைக் குறிக்கும் எழுத்துமுறை 2.18 ஆம் பதிப்பை ஒட்டி எளிமையாக்கப்பட்டது. ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் பதிப்பு எண்ணை எழுதி வைத்தால், கன்வெர்ட்-எல்ஒய் என்னும் துணைநிரலால் பழைய கோப்பைப் புதிய எழுத்துமுறைக்குப் பெருமளவு தானாக மாற்ற இயலும்.

பிற உரை வடிவங்கள்

ஏபிசி குறியீட்டு முறையில் விரலெண் இரு வியப்புக்குறிகளுக்கு இடையே, சுரத்துக்கு முன்னால் எழுதப்படுகின்றது. நாட்டார் இசை மெட்டுகளுக்குப் பெரிதும் பயன்படும் இம்முறையில் எழுதுவது எளிது. எண்ணின் இடத்தைக் கட்டுப்படுத்தும் வசதிகள் குறைவு.

மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவம் மென்பொருள்களுக்கு இடையே இசைத்தாள்களைப் பரிமாறுவதற்காக உருவாக்கப்பட்டது. இதில் விரலெண்ணுக்குத் தனி உறுப்பு உள்ளது. அவ்வெண் விரல் மாற்றத்தைக் குறிக்கின்றதா, மாற்று விரலைக் குறிக்கின்றதா என்பதையும் தனித்தனிப் பண்புகளால் பதிவு செய்யலாம். லில்லிப்பாண்டோடு வரும் மியூசிக்எக்ஸ்எம்எல்2எல்ஒய் என்னும் நிரல் இவ்வடிவக் கோப்புகளை லில்லிப்பாண்ட் உரையாக மாற்றுகின்றது.

வரம்புகள்

லில்லிப்பாண்ட் விரலெண்களை அழகாக அச்சிடுகின்றதே அன்றி, அவற்றின் பொருளை அறிவதில்லை. ஒரே கையால் ஒரே நேரத்தில் இசைக்கும் இரு தொலைவான சுரங்களுக்கும் 3 என எழுதினாலும் எச்சரிக்கை வராது. எட்ட இயலாத இடைவெளியையும் அது ஏற்றுக்கொள்ளும். மிடி ஒலிக்கோப்பு உருவாக்கப்படும்போது விரலெண்கள் ஒலியில் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்துவதில்லை. ஆகவே கேட்டுப் பார்த்தும் பிழையைக் கண்டறிய இயலாது.

விரல்களைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியும் இதில் இல்லை. கணினி வழியே விரலெண்களைக் கணிக்கும் ஆய்வுகள் தனித்துறையாக வளர்ந்துள்ளன. விரல்களுக்கு இடையிலான விரிவு, வலிமை குறைந்த விரல்களின் பயன்பாடு, கருங்கட்டையில் பெருவிரல் வருதல் போன்றவற்றுக்கு இடர்ப்பாட்டு மதிப்புகள் தந்து, மொத்த மதிப்பு குறைந்த வரிசையைத் தேடுவது அவற்றில் ஒரு முறை ஆகும். ஆயினும் கையின் அளவு, இசையின் வேகம், சொற்றொடர் போல் அமையும் சுரங்களின் இணைப்பு ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு முடிவெடுப்பது இசைப்பவரின் பொறுப்பாகவே உள்ளது.

எனவே எண்களை இட்ட பின்னர், தாளைப் பியானோவின் முன் வைத்து உரிய வேகத்தில் இசைத்துப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை ஆகும். ஒவ்வொரு சுரத்துக்கும் எண் இடுவதும் தேவையற்றது. பெருவிரல் நுழையும் இடம், கை நகரும் இடம், எதிர்பாராத விரல் வரும் இடம் ஆகியவற்றில் மட்டும் எண் இருந்தால், இடைப்பட்ட விரல்கள் தாமாகவே அமைந்துவிடும்.

இவற்றையும் பார்க்கவும்

பியானோ
மேலைத்தேய இசைக்குறியீடு
கட்டற்ற மென்பொருள்
குனு திட்டம்
மியூசிக்எக்ஸ்எம்எல்